தேனீக்கள் விட்டுப்போன மெழுகு

இஞ்ஞாசி கடற்கரைக்காரர். விசைப்படகு எஞ்சின்களுக்குள் கைவிட்டே தலை நரைத்தவர். அவர் மலையேறி வந்தது ஒரு மெழுகுதிரிக்காக.

தேன்பாறைக்குக் கீழே ஒரு ஜெபவீடு இருந்தது. சில துறவிப் பெண்கள், ஒரு தோட்டம், ஒரு குகை. குகைதான் கோயில். நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. அங்கே ஏற்றும் மெழுகுதிரிகளை அவர்களே காய்ச்சி வார்த்தார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த வீட்டுக்குத் தலைவி மதலேனம்மா. அவருக்கு நாற்பது ஆகவில்லை. இஞ்ஞாசிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"என்ன வேணும் ஐயா?"

"எம் பொண்டாட்டி செலஸ்தீனா போயி வருசமாகப் போவுது அம்மா. வருசப் பூசைய இங்க குகையிலயே வைக்கலாம்னு இருக்கேன். அதுக்கு ஒரு மெழுகுதிரி வேணும். கடையில வாங்குனது வேண்டாம். எங் கையால பண்ணணும். எந்த மெழுகு நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"நல்லதுன்னா?"

"சுத்தமானது."

"சுத்தம்னா?"

இஞ்ஞாசி யோசித்துப் பார்த்தார்.

"அம்மா எதச் சொல்லுதீங்களோ அதுல பண்ணுதேன்."

"நான் சொன்னா அது என் மெழுகுதிரி ஆயிடும். கொட்டகையில எல்லா மெழுகும் இருக்கு. உருக்குங்க, வார்த்துப் பாருங்க, எரிச்சுப் பாருங்க. பிறகு வந்து சொல்லுங்க."

டீசலை முகர்ந்தே கலப்படத்தைச் சொல்லிவிடுகிறவர் அவர். மெழுகு எந்த மட்டுக்கு என்று நினைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். ஒரு பொழுதில் முடியும் என்று நினைத்தது நாள்கணக்கில் இழுத்தது.

தேங்காய் மெழுகு வெண்ணெய் போல இருந்தது. அச்சிலிருந்து எடுத்து நிறுத்தினார். மத்தியான வெயில் ஏற ஏற, குடித்தவனைப் போல மெல்லச் சாய்ந்து படுத்துவிட்டது. சிரட்டையில் ஊற்றித் திரி வைத்தால் மட்டும் அடக்கமாக எரிந்தது. அவருக்கு நிற்கிற மெழுகுதிரிதான் வேண்டும். தவிட்டிலிருந்து எடுத்த மெழுகோ கல்மாதிரி நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"தேங்கா மெழுகு நிக்க மாட்டேங்கு அம்மா."

"சரி."

"தவிட்டு மெழுகு நிக்கு. ஆனா இறுகும்போது கீறல் விடுது."

"சோயா?"

"நல்லாத்தான் எரியுது. மறுநாள் பாத்தா, உப்பளத்து வரப்பு மாதிரி மேலெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கிடக்கு."

"இலுப்பை நெய்யும் வச்சிருந்தேனே?"

"தனியா நிக்காது. கூட எதையாவது சேக்கணும். சேத்தாலும் புகையுது."

"தேன்மெழுகு?"

"அதுதான் கொஞ்சம் பரவாயில்ல. ஆனா மெல்லிசுத் திரி போட்டா உருகுன மெழுகுலயே முங்கிச் செத்துப்போவுது. தடிச்ச திரி போட்டா லேசாக் கரி கட்டுது." அவர் பெருமூச்சு விட்டார். "எதை எடுத்தாலும் ஒரு குத்தம் இருக்கு அம்மா."

மதலேனம்மா சிரித்தார். "நல்ல மெக்கானிக்தான் நீங்க. எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு எடுத்துக்கிட்டு குகைக்கு வாங்க."

குகைக்குள் போனதும், அம்மா அவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மெழுகுதிரி எரிந்தது. கரடுமுரடான பாறைச் சுவரில் பொன்னிறமாக வெளிச்சம் பரவியது.

"இது எந்த மெழுகு?"

இஞ்ஞாசி மூக்கை உறிஞ்சினார்.

"மூக்கால இல்ல ஐயா. கண்ணால."

"சோயா."

"தேங்காய்." அதை அணைத்துவிட்டு அம்மா அடுத்ததை ஏற்றினார். "இது?"

"தேன்மெழுகு."

"தவிடு."

அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. கடைசியாக ஒன்று எரிந்துகொண்டிருக்கும்போது இஞ்ஞாசி தானாகவே திரும்பிவிட்டார்.

"வெளிச்சத்துல ஒரு வித்தியாசமும் தெரியல அம்மா. அப்போ எதுல பண்ணுனாலும் ஒண்ணுதானா?"

அம்மா குனிந்து அந்தச் சுடரையும் ஊதி அணைத்தார். குகை இருண்டது.

"இப்போ என்ன மிச்சம் இருக்கு?"

"மெழுகு இருக்கு."

"நீங்க கேட்டது அதைத்தானே."

வெளிச்சத்தில் வராத பேச்சு இஞ்ஞாசிக்கு அந்த இருட்டில் வந்தது.

"மிச்சமே வைக்காத மெழுகு வேணும் அம்மா. ஒழுகக் கூடாது, புகையக் கூடாது, கரி பிடிக்கக் கூடாது. ஒண்ணுமில்லாம எரிஞ்சு முடியணும்."

"ஏன் ஐயா?"

அவர் சொன்னார். செலஸ்தீனாவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு தெருவை மறந்தாள். பிறகு பெற்ற பிள்ளைகளின் பெயர்களை. இஞ்ஞாசி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். குளிப்பாட்டினார், தலை சீவி விட்டார், கஞ்சி ஊட்டினார். அவள் துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார். அப்படியே வருஷங்கள் போயின. கடைசிக் காலத்தில் ஒருநாள், வாயைத் துடைத்துவிட்ட அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "நீ யாருப்பா? ரொம்ப நேரமா இங்கேயே இருக்கியே. ஒங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

"அதுக்குப் பிறகு அவ எங்கூடப் பேசல அம்மா." இருட்டில் அவர் குரல் மட்டும் இருந்தது. "சாகும்போதும் எவனோ ஒருத்தன் பக்கத்துல இருக்கான்னுதான் நெனச்சிருப்பா. நான் உருகுனது அவளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. உருகுனதெல்லாம் எங்க போச்சு? எனக்கே ஒண்ணும் மிஞ்சல, அந்தத் திரிக்கு மட்டும் எதுக்கு மிச்சம்?"

மதலேனம்மா இருட்டில் தடவி அவருடைய முழங்கையைப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து விட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அம்மா அவரைத் தோட்டத்துக்கு அழைத்தார். அங்கே மரப்பெட்டிகளில் தேனீ வளர்த்தார்கள். வெறுங்கையாலேயே ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து, ஓரத்திலிருந்த சட்டத்தை மெல்ல வெளியே தூக்கினார்.

"கிட்ட வாங்க. ஊதாதீங்க."

இஞ்ஞாசி குனிந்து பார்த்தார். சட்டத்தில் அடை பாதிதான் இருந்தது. மீதி வெறும் இடத்தில் தேனீக்கள் சரம்சரமாகத் தொங்கின. ஒன்றின் காலை ஒன்று பிடித்திருந்தது. அதன் காலை இன்னொன்று. புயலுக்கு முன்னால் படகைக் கரையேற்றும்போது ஊரே கயிற்றைப் பிடித்து நிற்கும். அதைப் போல இருந்தது. ஆனால் இங்கே கூச்சல் இல்லை. அசைவுகூட இல்லை.

"சும்மா தொங்குதே அம்மா."

"சும்மா இல்ல. மெழுகு பண்ணுது."

"எத வச்சு?"

"தன்னை வச்சு."

அம்மா பெட்டியின் அடிப்பலகையை இழுத்தார். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, பலகையில் எதையோ ஒற்றியெடுத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தார். முதலில் அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது மினுக்கென்றது. நெத்திலிச் செதிலை விடச் சின்னது. கண்ணாடித் தூள் போல இருந்தது.

"அதோட வயித்துலேர்ந்து கசியறது. தேனைத் தின்னு, அந்தச் சூட்டுல தொங்கித் தொங்கி, ஒண்ணொண்ணா இப்படிக் கசியணும். அதைக் காலால எடுத்து, வாயில மென்னு, அடையோட சுவத்துல ஒட்டணும். அந்த அறைகள்லதான் குஞ்சும் இருக்கும், அதுக்குத் தீனியும் இருக்கும். இது கை தவறி விழுந்தது."

மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று இஞ்ஞாசி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கொட்டகையில் தேன்மெழுகுக் கட்டியை உளியால் உடைத்து உடைத்துச் சட்டியில் போட்டது ஞாபகம் வந்தது. கை கூசியது.

"ஒரு மெழுகுதிரிக்கு இது எத்தனை வேணும் அம்மா?"

"எண்ண ஆரம்பிச்சா நீங்க மெழுகுதிரியே பண்ண மாட்டீங்க."

அம்மா சட்டத்தைப் பழையபடி இறக்கி வைத்துப் பெட்டியை மூடினார்.

அன்றே இஞ்ஞாசி முடிவு செய்துவிட்டார். செய்தால் தேன்மெழுகில்தான். ஆனால் கொட்டகையில் இருந்ததையெல்லாம் அவரே உருக்கி, எரித்துத் தீர்த்திருந்தார். தோட்டத்துப் பெட்டிகளில் கைவைக்க மனம் வரவில்லை. பிறகு இருந்தது பாறைதான்.

தேன்பாறையில் ஒவ்வொரு வருஷமும் மலைத்தேனீக்கள் வந்து கூடு கட்டும். கோடை முழுக்கப் பாறையின் நெற்றியில் கூடுகள் வரிசையாகத் தொங்கும். சாரல் வருவதற்குள் ஒவ்வொரு கூட்டமாக ஊரைக் காலி செய்யும். இஞ்ஞாசி வந்த சமயம் ஒரே ஒரு கூடுதான் மிச்சம். ஆனால் பெரிய கூடு. பாதித் தேர்ச்சக்கரம் மாதிரி, கன்னங்கரேலென்று, உச்சிக்குக் கீழே தொங்கியது.

மலைக்குடியில் சடையன் என்று ஒரு தேனெடுப்பவர் இருந்தார். இஞ்ஞாசி அவரிடம் போய் விசாரித்தார்.

"எடுத்துருலாம்," என்றார் சடையன். "மேலேர்ந்து கயிறு போட்டு எறங்கி, பச்சை எலையக் கட்டிப் பொகை போட்டா ஆளுக கெளம்பிருவாக."

தேனீக்களை அவர் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்.

இஞ்ஞாசி அம்மாவிடம் வந்தார். "பாறைக் கூட்டை வெட்டச் சொல்லட்டுமா அம்மா? பூசைக்கு நாளில்ல."

"வெட்டறதுன்னா வெட்டுங்க."

அவ்வளவு சுலபமாக அனுமதி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திரும்பி நடந்தபோது அம்மா பின்னாலிருந்து சொன்னார்: "புகை போடறதுக்கு முந்தி கொஞ்ச நேரம் அதைப் பாத்துக்கிட்டு இருங்க."

விடிந்ததும் இரண்டு பேரும் பாறைக்குப் போனார்கள். சடையன் கயிற்றையும் இலைக்கட்டையும் தோளில் போட்டுக்கொண்டு உச்சிக்கு ஏறினார். இஞ்ஞாசி கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

தூரத்திலிருந்து கறுப்பாகத் தெரிந்தது கறுப்பு இல்லை. உயிர். ஆயிரம் ஆயிரமாகத் தேனீக்கள் ஒன்றன்மேல் ஒன்று போர்வை போல மூடிக் கிடந்தன. ஒரு பருந்து பாறையோரமாகப் பறந்து போனது. போர்வை முழுவதும் ஒரு அலை ஓடியது. கடலில் காற்றடிக்கும்போது ஓடுமே, அந்த மாதிரி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. கடலிலேயே வாழ்ந்த அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் போர்வைக்கு அடியில்தான் அடை இருக்கிறது. அதற்குள் குஞ்சு இருக்கலாம். வெயிலும் மழையும் படாமல் உடம்பாலேயே பொத்தி வைத்திருக்கின்றன.

"பொகை போடட்டுமா?" உச்சியிலிருந்து சடையனின் குரல் வந்தது.

இஞ்ஞாசி கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா! போடட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்தினார். தன் குரலைக் கேட்டு அவருக்கே ஆச்சரியம். "எறங்கி வாரும்! எனக்கு சோயாவே போதும்!"

சடையன் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் ஒன்றும் இல்லை.

"அப்ப காத்திருங்க. காத்து மாறப்போவுது. அவுகளாவே போவாக."

"பூசைக்கு முந்தியா?"

"அது அவுக இஷ்டம்."

அதிலிருந்து இஞ்ஞாசி தினமும் காலையில் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். சடையனும் சில சமயம் வருவார். மெழுகு கிடைக்குமா என்பதே மறந்துபோய், பார்ப்பதற்காகவே போக ஆரம்பித்தார். பூசைக்கு முந்தின நாளும் போனார். வெயில் ஏறியும் ஆள் திரும்பவில்லை என்று மதலேனம்மா தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு தேடி வந்தார். சடையனும் அங்கேதான் இருந்தார்.

அம்மா சட்டியைக் கீழே வைத்தபோதுதான் கூட்டிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

சத்தத்தை வைத்தே எஞ்சினின் நோயைச் சொல்கிறவர் இஞ்ஞாசி. இது அவருக்குப் பிடிபடவில்லை. பாறையே முனகுவது போல அடித்தொண்டையில் எழும்பி, ஏறி, இன்னும் ஏறி, நெஞ்செலும்புக்குள் வந்து அதிர்ந்தது. சடையன் எழுந்து நின்றார்.

"போறாக," என்றார் மெதுவாக.

கறுப்புப் போர்வை கூட்டிலிருந்து நழுவியது. துணி நழுவுவது போல அப்படியே மொத்தமாகக் கீழே சரிந்தது. தரையில் வந்து விழப்போகிறது என்று இஞ்ஞாசி பின்னால் நகர்ந்தார். விழவில்லை. பாதியில் அது சிறகானது. பாறைக்கும் மரங்களுக்கும் நடுவில் ஆகாயம் முழுக்கச் சுழன்றது. வெயில் மங்கியது. முகத்தில் காற்று பட்டது. அத்தனை சின்னச் சிறகுகளின் காற்று. மூன்று பேர்மேலும் நிழல் கடந்து போனது. ஒரு தேனீகூட அவர்களைத் தொடவில்லை. கூட்டம் ஒருமுறை பாறையைச் சுற்றி வந்தது. பிறகு கிழக்கே, மலைமுகட்டுக்கு மேலே ஏறி, புகை போல நீண்டு, கரைந்தது.

அப்புறம் ஒரு அமைதி. அத்தனை நாளும் அங்கே ஒரு ஓசை இருந்திருக்கிறது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது.

இஞ்ஞாசி அண்ணாந்து பார்த்தார். கறுப்பு இருந்த இடத்தில் அடை தொங்கியது. வெயில் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. தேன் இருந்த மேல்பகுதி வெளிர்மஞ்சள், கீழே போகப் போகப் புகையிலை நிறம். உள்ளே விளக்கு வைத்தது போல நின்றது.

சடையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்திருந்தார். எப்போது அவிழ்த்தார் என்று தெரியவில்லை.

"திரும்ப வருவாகளா?" என்று இஞ்ஞாசி கேட்டார்.

"வருசாவருசம் வருவாக. ஆனா இதே ஆளுக இல்ல. இவுகளோட புள்ளைகளோட புள்ளைக."

"ஒண்ணையும் எடுத்துட்டுப் போகலையே."

"தேனைக் குடிச்சிட்டாக. மெழுகு அவுகளுக்கு எதுக்கு? அப்படியே விட்டா புழு விழுந்துரும், நான் போய் எடுக்கேன்."

சடையன் அடையைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினார். இஞ்ஞாசி இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். கனமாக இருக்கும் என்று காலை ஊன்றி நின்றிருந்தார். காய்ந்த வலை அளவுகூடக் கனம் இல்லை. அறைகள், அறைகள், அறைகள். வெங்காயச் சருகை விட மெல்லிய சுவர்கள். ஒன்றுகூடக் கோணலாக இல்லை. எல்லாம் காலி. அவர் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தபடி நின்றார். கண் நிறைந்து வழிந்தது. கை இரண்டும் அடையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. அம்மாவும் சடையனும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று பகலிலேயே அடையை வெந்நீரில் போட்டு உருக்கி, துணியில் வடிகட்டினார். கறுப்புக் கசடெல்லாம் துணியில் தங்கியது. தண்ணீர் ஆறியதும் மேலே மஞ்சளாக ஒரு தட்டு இறுகி நின்றது. அவ்வளவு பெரிய அடை, ஒரு சாண் உயர மெழுகுதிரிக்குத்தான் வந்தது. உளியைத் தொடாமல், கையாலேயே உடைத்து மறுபடி உருக்கி வார்த்தார்.

காலையில் குகைக்கோயிலில் செலஸ்தீனாவின் வருசப் பூசை நடந்தது. முடிந்து எல்லாரும் வெளியே போனார்கள். இஞ்ஞாசி போகவில்லை. மதலேனம்மாவும் இருந்தார். மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பாறைச் சுவரெல்லாம் வெளிச்சம். உருகும் மெழுகிலிருந்து, எந்தெந்தக் காட்டுப் பூவோ, லேசாக மணந்தது.

வெகுநேரம் கழித்து இஞ்ஞாசி பேசினார்.

"அம்மா, போர்வையா மூடிக்கிட்டு, உள்ள இருட்டுலதானே அதுக இதக் கட்டியிருக்கும்?"

"ஆமா."

"நெருப்பக் கண்டா மிரளுற சீவன். தாம் கட்டுனது ஒருநா ஒரு குகைக்குள்ள இப்படி வெளிச்சமா நிக்கும்னு அதுகளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது ஐயா."

"பிறகு எதுக்காக அம்மா, உடம்பக் கரைச்சு..."



மதலேனம்மா சுடரைப் பார்த்தபடியே சொன்னார்:

"குஞ்சுக்குப் பசிக்குமேன்னுதான்."